கிளாடிக்குச் செல்லும் வழி

பிரயாணம் என்பது வண்டி நகரும் பொழுதில் தொடங்குவது என்றே யாம் முன்னர் எண்ணியிருந்தோம். அயர்லாந்தின் நாட்டுப்புறச் சாலைகளில் முதன்முறையாகத் தாமே காரோட்டிச் செல்ல எம் குடும்பத்தார் கருதி, அதற்கான திட்டத்தை வகுக்கும் பணி எம்மிடம் ஒப்புவிக்கப்பெற்று ஏழு திங்கள் ஆகின்றன. பாளையங்கோட்டையை விட்டு இன்னும் ஓரடியும் எடுத்து வைத்திலேம். ஆயினும் இவ்வேழு திங்களில் யாம் கற்றவை பல, பிழைபட்டவையும் பல. அவற்றை நம் கல்லூரி மலர் வாயிலாக மாணவ அன்பர்க்கும், ஆசிரியப் பெருமக்கட்கும், பழைய மாணவர்க்கும் எடுத்துரைத்தல் பயனுடைத்தாகும் என்று துணிந்தே இதனை எழுதப் புகுகின்றோம்.

இவ்வெண்ணம் தோன்றிய இடம் எம் சிறப்புத் தமிழ் வகுப்பாகும். கால்டுவெல் ஐயர் 1856ஆம் ஆண்டில் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தைப் பாடமாகத் தொடங்கிய அன்று, நூலாசிரியர் வரலாற்றை எம் பேராசிரியர் கரும்பலகையில் நான்கே வரிகளில் எழுதினார். 1814ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் நாள் அயர்லாந்தின் வடபால் ஆன்ட்ரிம் கோட்டத்திலுள்ள கிளாடியில் பிறப்பு. 1838இல் சென்னை வருகை. 1841இல் இடையன்குடி சேர்தல். 1891இல் கோடைக்கானலில் மறைவு, இடையன்குடியில் அடக்கம். இந்நான்கு வரிகளில் இறுதி இரண்டும் எமக்கு இளமை தொட்டே தெரிந்தவை. இடையன்குடி எம் தந்தையார் பிறந்த ஊர். ஐயர் எழுப்பி, 1880இல் பிரதிஷ்டை செய்யப்பெற்ற பரிசுத்த திரித்துவ ஆலயத்திலேதான் எந்தையார் ஞானஸ்நானம் பெற்றார். அவ்வூரின் செந்நிறத் தேரி மணலும், பனங்காடும், ஆலயத்தின் உயர்ந்த வளைவுகளும் எமக்குக் கனவிலும் தோன்றுவன. ஆனால் முதல் வரியிற் கண்ட கிளாடி எத்தகைய ஊர்? அங்கு மண் எந்நிறம்? மரம் யாது? ஒரு மனிதர் வாழ்வின் ஒரு முனையை நூறு முறை கண்டிருந்தும் மறுமுனையைப் பற்றி ஏதும் அறியோம் என்ற நாணம் அன்று எம் உள்ளத்திற் புகுந்தது.

எம் சிற்றன்னையார் டப்ளின் நகரில் செவிலியராகப் பணிபுரிபவர். ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் காலத்தில் தொலைபேசியில் அழைப்பதும், "அத்தான், ஒரு முறை வந்து போங்கள்" என்று எந்தையாரை வேண்டுவதும், எந்தையார் "பணி இருக்கிறதே" என்று நழுவுவதும் வழக்கம். சென்ற ஆண்டில் எந்தையார் ஓய்வு பெற்றார். ஒரு மிஷன் மருத்துவமனையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வண்டியோட்டியாய் இருந்தவர் அவர். பிணியாளரையும், மருத்துவரையும், மருந்துப் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு அவர் ஓட்டிய தொலைவைக் கூட்டினால் உலகைப் பலமுறை சுற்றியதாகும். ஆயினும் அத்துணைத் தொலைவும் பிறர் சொன்ன வழியே சென்றதாம். தமக்கென்று ஒரு வழியைத் தெரிந்து, தம் விருப்பப்படி வண்டியை நிறுத்தி, இறங்கி நின்று ஒரு குன்றைப் பார்த்த நாள் தம் வாழ்வில் இல்லை என்று அவர் ஓரிரவு எதேச்சையாகக் கூறினார். அச்சொல்லைக் கேட்ட பின்னரே கிளாடிக்குச் செல்லல் வேண்டும் என்னும் எம் ஆசை ஒரு திட்டமாக உருக்கொண்டது.

இரயிலிற் செல்லலாகாதோ என்று சிலர் வினவினர். அயர்லாந்தின் இருப்புப் பாதைகள் பெருநகரங்களை இணைப்பன. சிற்றூர்களை அவை நாடுவதில்லை. வடமேற்கிலுள்ள டோனகல் கோட்டத்தில் இன்று இருப்புப் பாதையே இல்லை. பேருந்துகளோ நாட்டுப்புறத்தே நாளொன்றுக்குச் சிலமுறையே ஓடுவன. ஆதலின் வாடகைக்குக் காரெடுத்தலே வழியென்று கண்டோம்.

கண்டவுடன் முதல் இடி எம் தலையில் விழுந்தது. பதினெட்டு வயதில் ஓட்டுநர் உரிமம் பெற்ற பெருமிதத்தோடு, யாமே ஓட்டுவோம் என்று எண்ணியிருந்தோம். அந்நாட்டில் கார் வாடகைக்கு விடுவோரிற் பெரும்பாலோர் இருபத்தைந்து வயது நிரம்பியவர்க்கே வண்டி தருவர். சிலர் அதனினும் குறைந்த வயதினர்க்கு மிகுகட்டணம் பெற்றுத் தருவர். பத்தொன்பது வயதுடைய எம்மை ஏறெடுத்துப் பார்ப்பாரும் இல்லை. எனவே ஓட்டுதல் எந்தையார் பாலதாயிற்று. வழி சொல்லுதல் எம் பாலதாயிற்று. முப்பத்திரண்டு ஆண்டுகள் பிறர் சொன்ன வழியே ஓட்டியவர்க்கு மீண்டும் ஒருவன் வழி சொல்ல அமர்ந்தமை எமக்கே சிரிப்பை விளைத்தது.

அக்கடமையில் யாம் வகுத்த முதல் திட்டம் இளமையின் பேராசைக்கு ஒரு சான்றாகும். அயர்லாந்துத் தீவின் பரப்பு ஏறத்தாழ 84,000 சதுர கிலோமீட்டர்; நம் தமிழ்நாட்டினும் மிகச் சிறிது. அங்ஙனமாயின் எட்டு நாளில் முழுத் தீவையும் சுற்றி வரலாமே என்று கருதினோம். மேற்குக் கடற்கரையை ஒட்டி வடக்கே டோனகல் முதல் தெற்கே கின்சேல் வரை செல்லும் பெருவழி ஒன்று 2014ஆம் ஆண்டு முதல் சுற்றுலாவினர்க்காகக் குறிக்கப்பட்டுள்ளது. அதன் நீளம் மட்டுமே 2,500 கிலோமீட்டர். அதனையும் சேர்த்து, வண்ண மையினால் அழகுற வரைந்து, எந்தையார் முன் வைத்தோம்.

அவர் மூக்குக் கண்ணாடியை அணிந்து, மருத்துவமனையின் டிரிப் சீட்டைப் பார்க்கும் அதே முறையில், மேலிருந்து கீழாக அதனைப் படித்தார். பின்னர், "தம்பி, இதில் தேநீர் குடிக்கும் இடம் எங்கே? மழை பெய்யும் இடம் எங்கே? உன் அம்மாவுக்குக் கால் வீங்கினால் நிறுத்தும் இடம் எங்கே?" என்று கேட்டார். எம்மிடம் விடையில்லை. "தூரத்தைக் கூட்டியிருக்கிறாய். சாலையைக் கூட்டவில்லை," என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

அதன் பின்னரே சாலையைக் கற்கலாயினோம். அயர்லாந்துக் குடியரசில் சாலைகள் நால்வகைப்படும். 'எம்' என்னும் எழுத்தைத் தாங்கிய விரைவுச் சாலைகளில் மணிக்கு 120 கிலோமீட்டர் வரையும், 'என்' எழுத்துடைய தேசியச் சாலைகளில் 100 வரையும், 'ஆர்' எழுத்துடைய வட்டாரச் சாலைகளில் 80 வரையும் பொதுவாகச் செல்லலாம். ஊர்ப்புறச் சிறுசாலைகளிலும் முன்னர் 80 என்றே இருந்தது; 2025ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அதனை 60 ஆகக் குறைத்தனர். அச்சிறுசாலைகளோ இருபுறமும் கல்லடுக்கிய சுவரும் வேலிப்புதரும் நெருக்க, எதிர்வரும் வண்டிக்கு இடங்கொடுக்க ஒருவர் பின்வாங்கியே ஆகவேண்டிய அகலத்தன. நடுவே புல் முளைத்த வழிகளும் உள. வளைவிற்கு அப்பால் ஆட்டு மந்தையோ உழுபொறியோ நின்றாலும் வியப்பில்லை. சட்டம் அறுபதென்று கூறினும், அறிவு முப்பதென்று கூறும் இடங்கள் பல என்று சிற்றன்னையார் எச்சரித்தார். வரைபடம் இரண்டு மணி என்றால் மூன்று மணி என்று கொள்ளுதல் நலம் என்பதே அவர் தந்த வாய்பாடு.

ஓட்டும் முறையில் எந்தையார்க்கு ஆறுதல் தந்த செய்தி ஒன்றுண்டு. அங்கும் நம் நாட்டைப் போல இடப்பக்கமே செல்லல் வேண்டும், சுக்கானும் வலப்பக்கமே. சாலைகள் கூடுமிடத்து அமைந்த வட்டங்களில், வலப்புறமிருந்து வருவோர்க்கு வழிவிட்டு, வலஞ்சுழியாகச் செல்லல் வேண்டும். நம் நாட்டு உரிமத்தோடு வருகையாளர் ஓராண்டு வரை அங்கு வண்டியோட்டலாம். ஆயினும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் பெற்றுக்கொண்டோம். வாடகைக் காரின் பொறுப்புத் தொகைக்கு ஓட்டுநர் பெயரிலேயே கடன் அட்டை வேண்டும் என்றனர். வாழ்நாளில் கடனே வாங்காத எந்தையார், அறுபதாம் வயதில் வங்கியில் வைப்புத் தொகையை ஈடுகாட்டி ஓர் அட்டை பெற்றார். அதனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீடு திரும்புகையில், தவறு செய்தவர் போல அவர் முகம் வாடியிருந்தது.

பெருந்தடை வேறொன்றாக இருந்தது. அஃது ஒலிப்பான். அந்நாட்டில் இடர் நேருங்காலன்றி ஒலிப்பானைத் தொடார். ஊர்ப்பகுதிகளில் இரவு பதினொன்றரை மணி முதல் காலை ஏழு மணி வரை அதனை ஒலித்தல் சட்டத்தாலும் விலக்கப்பட்டுள்ளது. இதனை யாம் கூறியபொழுது எந்தையார் சிறிது நேரம் பேசவில்லை. மறுநாள் அண்டை வீட்டாரின் பழங்காரை இரவல் வாங்கி, "ஒரு வாரம் ஒலிப்பானைத் தொடாமல் ஓட்டிப் பார்க்கிறேன்," என்றார். யாம் பக்கத்தில் அமர்ந்து எண்ணினோம். முதல் நாள் வீட்டிலிருந்து கோயில் வரை பதினேழு முறை அவர் கை தானே எழுந்து சென்றது. மார்க்கெட்டுத் திருப்பத்தில் வெள்ளாடு ஒன்று குறுக்கே படுத்துக்கொண்டு அசைய மறுத்தது. எந்தையார் வண்டியை நிறுத்தி, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அதன் எழுச்சிக்குக் காத்திருந்தார். பின்னால் நின்றவர்கள் ஒலித்த ஒலி எட்டுத் திக்கும் கேட்டது. ஆடு எழுந்து போன பின், "ஏழாம் நாள் வரும்போது நான் பாதி ஐரிஷ்காரன் ஆகிவிடுவேன்," என்றார். ஏழாம் நாளில் இரண்டே முறை கை எழுந்தது.

இவ்வாறிருக்க, எம் திட்டத்தில் ஒரு பெரும்பிழை மறைந்து கிடந்தது. கைப்பேசியின் வரைபடத்தில் கிளாடி என்று எழுதித் தேடியபொழுது, ஓர் ஆற்றின் கரையில், எல்லைக்கு அருகே ஓர் ஊர் தோன்றியது. 'இதுவே' என்று மகிழ்ந்து, அதற்கு அண்மையிலுள்ள ஸ்ட்ராபேன் என்னும் நகரில் தங்குமிடமும் பேசிவிட்டோம். திட்டத்தைப் பார்த்த சிற்றன்னையார், "ஆன்ட்ரிம் என்றல்லவா சொன்னாய்? இது டைரோன் கோட்டத்தில் இருக்கிறதே!" என்றார். தேடியபோது அப்பெயருடைய ஊர் டைரோனில் ஒன்று, லண்டன்டெரிக் கோட்டத்தில் ஒன்று, ஆன்ட்ரிமில் ஐயர் பிறந்த ஆற்றங்கரை ஒன்று என்று மூன்றாக விரிந்தது. யாம் தேர்ந்த ஊர்க்கும் உண்மைக் கிளாடிக்கும் இடையே 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சாலைத் தொலைவு. பாடபேதம் ஆராய்வதையே தொழிலாகக் கற்கும் மாணவராகிய யாம், ஓர் ஊர்ப்பெயரின் பாடபேதத்தை ஆராயாது விட்டமைக்கு இன்றும் வெட்குகிறோம்.

பிழையைத் திருத்துகையில்தான் மற்றொரு கடினமான செய்தி முன்னின்றது. டப்ளின் அயர்லாந்துக் குடியரசைச் சேர்ந்தது. ஆன்ட்ரிம் வட அயர்லாந்தில், அஃதாவது பிரிட்டனின் ஆட்சிக்குட்பட்ட பகுதியில், உள்ளது. 1921ஆம் ஆண்டு முதல் அத்தீவு இவ்வாறு பிரிந்துளது. ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வெல்லையில் ஒரு காலத்தில் படைவீரர் காவற்சாவடிகள் நின்றன. 1998ஆம் ஆண்டின் புனித வெள்ளி உடன்படிக்கைக்குப் பின்னர் அவை அகற்றப்பட்டன. இன்று எல்லையைக் கடப்போர்க்கு அடையாளங்கள் மிகச் சில. சாலையோரத்து மஞ்சட்கோடு வெண்கோடாகும். கிலோமீட்டரில் இருந்த வேகப் பலகைகள் மைலுக்கு மாறும். யூரோ நாணயம் பவுனாக மாறும். தடுப்பாரும் வினவுவாரும் பெரும்பாலும் இலர்.

ஆயினும் நம் நாட்டார்க்கு இரு நாட்டின் அனுமதியும் வேண்டும். பிரயாண ஏற்பாடு செய்து தரும் ஓரிடத்தில் இதனை வினவியபோது, அங்கிருந்தவர் சிரித்து, "எல்லையில் ஈயும் காக்கையும்கூட இல்லை. ஐரிஷ் விசாவை மட்டும் வாங்கிக்கொண்டு போய் வாருங்கள். விண்ணப்பத்தில் வடக்கே போவதாக எழுதினால் வேலை வளரும், எழுதாதீர்கள்," என்றார். உண்மையைச் சொல்லின், யாம் அவ்வுரைக்கு இணங்கினோம். ஏழு திங்கள் உழைப்பு ஒரு முத்திரைக்காகக் கெடலாமோ என்ற அச்சம் எம்மை ஆட்கொண்டது. வீடு வந்து, அவ்வாறே விண்ணப்பத்தை நிரப்பி, எந்தையார் கையொப்பத்துக்கு நீட்டினோம்.

அவர் படித்துவிட்டு எழுதுகோலை மூடினார். "முப்பத்திரண்டு வருஷம் டிரிப் சீட்டில் போன இடத்தைத்தான் எழுதியிருக்கிறேன். போகாத இடத்தை எழுதியதில்லை, போன இடத்தை மறைத்ததில்லை. ஐயர் பிறந்த ஊருக்குப் போகிற சீட்டிலா முதல் பொய்யை எழுதுவது?" என்றார். குரலை உயர்த்தவில்லை. யாம் தலைகவிழ்ந்து அத்தாளை வாங்கிக் கிழித்தோம்.

அதன் பின்னர் முறையாகத் தேடியபொழுது, வழியும் இருந்தது. பிரிட்டனும் அயர்லாந்தும் கூடி ஏற்படுத்தியதும், 2015ஆம் ஆண்டு முதல் இந்தியர்க்கும் உரியதுமாகிய விசாத் திட்டம் ஒன்றுளது. அதன்படி ஐரிஷ் விசாவின் மீது உரிய குறிப்பு இடம்பெறின், முதலில் அயர்லாந்திற் சென்று இறங்கி, பின் அதனைக் கொண்டே வட அயர்லாந்துக்கும் செல்லலாம். நேர்வழி ஒன்று இருக்கக் குறுக்கு வழியைத் தேடினோமே என்று எம்மை யாமே நொந்துகொண்டோம். புதிய விண்ணப்பத்தில் ஒவ்வோர் ஊரின் பெயரையும், கோட்டத்தின் பெயரையும் சேர்த்து, ஐயத்துக்கு இடமின்றி எழுதினோம். காரின் உரிமையாளர்க்கும் எல்லை கடப்போம் என்று முன்னரே அறிவித்தோம், அதற்கெனத் தனிக்கட்டணம் கேட்டனர், கொடுக்க இசைந்தோம்.

ஈண்டு எம் குடும்பச் செய்தி ஒன்றையும் மறைக்காது கூறல் வேண்டும். எம் பாட்டனார் தம் வீட்டில் கால்டுவெல் ஐயரின் படத்தை மாட்ட இசைந்தாரல்லர். ஐயர் 1849ஆம் ஆண்டில் திருநெல்வேலிச் சான்றோர் குலத்தைக் குறித்து எழுதிய ஒரு சிறு நூல் அக்குலத்தாரைப் பெரிதும் புண்படுத்தியது. எதிர்ப்பு எழுந்தபின் ஐயர் அந்நூலை வழக்கிலிருந்து விலக்கிக்கொண்டார் என்பது வரலாறு. ஆயினும் புண் ஆறவில்லை. பாட்டனார் ஐயர் கட்டிய கோயிலிலேயே ஞாயிறுதோறும் தொழுதார். ஐயர் திறந்த பள்ளியின் பயனையே உண்டார். அவர் பெயரை மட்டும் வாயாற் சொல்லார். அம்முதியவரின் பேரனாகிய யாம் அவர் பிறந்த ஊரைத் தேடிச் செல்வது தக்கதோ என்று ஒருநாள் எந்தையாரைக் கேட்டோம்.

அவர் நெடுநேரம் எண்ணி, "உன் தாத்தா கோபம் நியாயம்தான். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அவர் நம்மைப் பார்த்து எழுதினார். நாம் அவர் வீட்டை ஒருநாளும் பார்க்கவில்லையே. அவரும் ஏழை வீட்டுப் பிள்ளைதானாம், ஒன்பது வயதிலே வேலைக்குப் போனவராம். போய்ப் பார்ப்போம். பார்த்த பிறகு படம் மாட்டுவதா வேண்டாமா என்று யோசிக்கலாம்," என்றார். இதனினும் நேரிய ஆராய்ச்சி முறையை யாம் எந்நூலிலும் கற்றிலேம்.

சாலைப் பலகைகளைப் படிக்கப் பழகியது எம் தமிழுள்ளத்துக்கு விருந்தாயிற்று. குடியரசில் ஊர்ப்பெயர்கள் மேலே ஐரிஷ் மொழியில் சாய்ந்த எழுத்திலும், கீழே ஆங்கிலத்தில் பெரிய எழுத்திலும் எழுதப்பட்டிருக்கும். 'பாலி' என்று தொடங்கும் ஊர்கள் எண்ணற்றவை. அஃது ஊரைக் குறிக்கும் 'பல்யெ' என்னும் ஐரிஷ் சொல்லின் திரிபு. 'கில்' என்பது பெரும்பாலும் கோயிலையும், 'டன்' கோட்டையையும், 'நாக்' குன்றையும் குறிக்கும். குடி, ஊர், குளம், குறிச்சி என்று நம்மூர்ப் பெயர்களைப் பிரித்துப் பார்த்துப் பழகிய எமக்கு, அத்தீவின் வரைபடமே ஒரு சொல்லகராதியாகத் தோன்றிற்று. 1937ஆம் ஆண்டின் அரசியலமைப்பு ஐரிஷ் மொழியைத் தேசிய மொழியாகவும் முதல் ஆட்சி மொழியாகவும் வைத்துள்ளது. ஆயினும் அதனை வீட்டு மொழியாகப் பேசும் பகுதிகள் மேற்குக் கரையோரம் சிறு சிறு திட்டுக்களாகவே எஞ்சியுள்ளன. அப்பகுதிகளிற் சாலைப் பலகைகள் ஐரிஷிலேயே ஊரின் பெயரைத் தாங்கும். ஆங்கிலப் பெயரை மட்டும் அறிந்தவன் வழி தவறுவான். ஆதலின் எம் குறிப்பேட்டில் ஒவ்வோர் ஊர்க்கும் இரு பெயரையும் எழுதிக்கொண்டோம். சட்டம் ஒரு மொழிக்கு அரியணை தரலாம். சமையலறையில் அம்மொழியைப் பேச ஆள் வேண்டும் என்பதை அக்குறிப்பேடு எமக்கு நாள்தோறும் நினைவூட்டுகின்றது.

இப்பொழுது திட்டம் நிறைவெய்தியுள்ளது. வருகின்ற சூன் திங்களில் எட்டு நாள். மொத்தம் ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர். அப்பருவத்தில் மேற்குக் கரையில் இரவு பத்து மணியளவிலேயே பொழுது சாயும். ஆதலின் இருளில் ஓட்ட வேண்டா. வானூர்தியில் இறங்கும் நாளன்று வண்டியைத் தொடலாகாது என்பது எந்தையாரின் கட்டளை. மறுநாள் டப்ளினிலிருந்து வடக்கே சென்று, மொனாஸ்டர்பாய்ஸ் என்னுமிடத்தில் ஆயிரம் ஆண்டுகட்கு மேற்பட்ட கற்சிலுவையைக் கண்டு, எல்லை கடந்து, பரிசுத்த பாட்ரிக்கின் அடக்கத்தலம் என்று போற்றப்படும் டவுன்பாட்ரிக்கில் தங்குவோம். மூன்றாம் நாள் ஸ்ட்ராங்போர்டில் காரோடு படகேறி, கடற்கழியைக் கடந்து, மில்லைல் என்னும் கடற்கரையூர் செல்வோம். 1867இல் ஆமி கார்மைக்கேல் அம்மையார் பிறந்த ஊர் அது. டோனாவூரில் கைவிடப்பட்ட குழந்தைகட்குத் தாயாகி, 1951இல் மறைந்து, கல்லறைக் கல்லும் வேண்டா என்று கூறிய அவர்தம் அடக்கத்தின் மேல் பறவைகள் நீருண்ணும் தொட்டியே நிற்பதை நம்மவர் அறிவர். நான்காம் நாள் கிளாடி. அந்நாளில் வேறெதுவும் எழுதவில்லை.

ஐந்தாம் நாள் ஆன்ட்ரிமிலேயே ஸ்லெமிஷ் குன்று. அடிமையாகக் கொண்டுவரப்பட்ட இளைஞர் பாட்ரிக் ஆடு மேய்த்தது அக்குன்றில் என்பது வழிவழிச் செய்தி. ஆட்டிடையரின் குன்று நிற்கும் கோட்டத்தில் பிறந்தவர் இடையன்குடி வந்து சேர்ந்தமை எமக்கு வியப்பளித்தது. அன்று மாலை ஏறத்தாழ 40,000 எரிமலைப் பாறைத் தூண்கள் கடலோரம் அடுக்கிய ஜயன்ட்ஸ் காஸ்வே. பின் டெரி வழியாக டோனகலும் ஸ்லைகோவும். ஏழாம் நாள் கானமாராவின் ஏரிகளும் கால்வேயும். எட்டாம் நாள் ஷானன் ஆற்றங்கரையிலுள்ள குளோன்மக்னாய்ஸ் துறவிமடத்தின் இடிபாடுகளைக் கண்டு டப்ளின். டெரியிலிருந்து செல்லும் வழியில் ஸ்ட்ராபேன் குறுக்கிடுவதைக் கண்ட எந்தையார், "உன்னை ஏமாற்றிய அந்தக் கிளாடியையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவோம், அது என்ன பாவம் செய்தது?" என்றார். அதனையும் சேர்த்துக்கொண்டோம்.

ஓர் ஆசை மட்டும் திட்டத்திலிருந்து நீங்கியது. இடையன்குடித் தேரி மணலில் ஒரு கைப்பிடி எடுத்துச் சென்று கிளாடியாற்றின் கரையில் இட வேண்டும் என்று எண்ணி, ஒரு சிறு புட்டியில் நிரப்பியும் வைத்திருந்தோம். அயல்நாட்டு மண்ணை அங்குக் கொண்டுசெல்லல் விலக்கப்பட்டது என்று விதிகளைப் படித்தபொழுது தெரிந்தது. நெய்யும் பாற்பண்டங்களும் விலக்கென்று அறிந்து எம் அன்னையார் நெய்யுருண்டைச் சம்புடத்தை முன்னரே அடுக்களைக்குத் திருப்பியிருந்தார். ஒரு கைப்பிடி மணலை யார் காணப் போகின்றனர் என்ற பழைய எண்ணம் எம்முள் ஒருகணம் எழுந்தது. கிழித்த விண்ணப்பம் நினைவுக்கு வந்தது. சென்ற வாரம் எந்தையாரும் யாமும் இடையன்குடி சென்று, அம்மணலை எடுத்த இடத்திலேயே கொட்டினோம். காற்று அதனை உடனே வாரிக்கொண்டது. திரும்பும் வழியில் எந்தையார் ஒலிப்பானை ஒருமுறையும் தொடவில்லை.

1841இல் ஐயர் சென்னையிலிருந்து பெரும்பாலும் கால்நடையாகவே தென்னாடு வந்தார். அவர் வந்த வழியை எம் திட்டத்தோடு ஒப்பிட நாணுகிறோம். எமக்கு விசாவின் முடிவு இன்னும் வரவில்லை. வரினும் வாராதுபோயினும், எழுதியது மெய் என்ற ஒன்று எம் வீட்டில் நிலைத்துவிட்டது. அயர்லாந்தின் சாலைகளை நேரிற் கண்ட பழைய மாணவர் எவரேனும் நம் கல்லூரியில் இருப்பின், எம் திட்டத்திலுள்ள குறைகளை எம் தமிழ்த்துறை வாயிலாக எடுத்துரைக்குமாறு பணிவுடன் வேண்டுகின்றோம். அடுத்த ஆண்டு மலரில், கர்த்தருக்குச் சித்தமாயின், கிளாடியின் மண் எந்நிறம் என்று எழுதுவோம்.